மழைக்காரன் எப்போது கத்தினான்?

மலாக்காவை அடுத்த தங்கா பத்துவில் கடற்கரைக்குப் போகும் சாலையை ஒட்டி ஐந்து கடைகள் ஒரே வரிசையில் இருந்தன. மூன்றாவது கடைக்கு முன்னால் கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றுகொண்டிருந்தேன். சனிக்கிழமை, மத்தியானம். பைக்குள் மூன்று கேசட்டுகள். கடைக்குள்ளே ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். இரண்டு வாரமாக வாக்மேனில் கேட்ட குரல்தான். காதுக்குள் கேட்டபோது அது சுண்டைக்காய் அளவுக் கத்தல். இங்கே கடையின் இரும்பு ஷட்டர் கிடுகிடுத்தது. கடற்காற்றில் உப்பு வாடை. பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டேன்.

உள்ளே கார்களுக்கு ரேடியோ பொருத்தும் வேலையில் இருந்தவர் என் கணவர். சட்டப்படி கணவர். ஆனால் அவர் வீட்டுக்கு நான் இன்னும் வாழப் போகவில்லை. போகலாமா, வேண்டாமா என்று தெரிந்துகொள்ளத்தான் பஸ் ஏறி வந்திருந்தேன்.

வந்துவிட்டேனே தவிர, வாசலைத் தாண்டக் கால் வரவில்லை.

பாதிக் கல்யாணம்

நம் ஊரில் கல்யாணம் இரண்டு தடவை நடக்கிறது. முதலில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் கோயிலில் தாலி. நடுவே பெண் அவள் வீட்டில், மாப்பிள்ளை அவர் வீட்டில். அரசாங்கத்துக்கு நீங்கள் ஒருவருடைய மனைவி. அம்மாவுக்கு நீங்கள் இன்னும் துணி காயப்போட வேண்டிய மகள்.

மற்றவர்களுக்கு அது இனிப்பான காலமாக இருக்கலாம். எனக்கு ஒத்துவரவில்லை. யோசிக்க நேரம் கொடுத்தால் நான் கெட்டுப்போவேன். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி ஓடி வந்ததையெல்லாம் இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன்.

அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். “படிப்பைப் பாதியில் விட்டவர் என்கிறீர்கள். ஆங்கில ராக் பாட்டுக்கும் உங்களுக்கும் எப்படிச் சம்பந்தம்?” என்று. நல்ல கேள்வி. இந்த வாரம் அதற்குத்தான் பதில்.

படிப்பை நான் விடவில்லை. இரண்டாம் படிவத்தில் இருந்தபோது அம்மா ரப்பர் பால்வாளியோடு சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். “ஒரு மாசம் வீட்ல இரு பத்மா” என்றார்கள். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

அம்மாவுக்குப் பதிலாகக் கொஞ்ச காலம் பாலுக்காக மரம் வெட்டினேன். பிறகு பத்து பெரண்டாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். பெம்பான் பக்கத்து எங்கள் தோட்டத்து முனையிலிருந்து தொழிற்சாலை பஸ் ஏற்றிக்கொண்டு போகும். வேலை, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சின்னச் சின்னச் சில்லுகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. எல்லோருக்கும் கண் வலிக்கும் வேலை. எனக்கு அது பொருந்திப்போனது. எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிறவளுக்கு அதற்கென்றே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

புகைமூட்டம் வந்து போன வருடத்துக்கு அடுத்த வருடம். ரிங்கிட் சரிந்து, எங்களுக்கு ஓவர்டைம் நின்றுபோயிருந்தது. அந்த வருடம்தான் குணாவைப் பார்த்தேன். பெண் பார்க்க வந்தபோது மொத்தம் ஐந்து வார்த்தை பேசியிருப்பார். அதில் இரண்டு “தண்ணி போதும்.”

பதிவு முடிந்த அன்று மலாக்காவில் வாழையிலைச் சாப்பாடு. கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார்.

“பாட்டு கேப்பீங்களா?”

“கேப்பேன்.”

“இங்கிலீசு?”

“எனக்கு அவ்வளவா வராது.”

“வர வேணாம்லா. கேட்டா போதும்.”

தொண்ணூறு நிமிடக் கேசட். அவரே பதிவு செய்தது. நீல மையில், பிள்ளைகள் எழுதுவதுபோல் பெரிய எழுத்தில் பாடகன் பெயர். கீழே, ‘A பக்கம்: முதல் ஆல்பம். B பக்கம்: ரெண்டாவது.’ வேறு ஒன்றும் இல்லை. படம் இல்லை, வருடம் இல்லை.

நாற்காலி கிறீச்சிட்டது

மறுநாள் காலை பஸ்ஸில் வாக்மேனில் போட்டேன். முதலில் கிடார் மட்டும். அவசரமே இல்லாத வாசிப்பு. பிறகு குரல். காய்ச்சல் விட்ட மறுநாள் ஒருவர் தண்ணீர் கேட்பதுபோல் கரகரவென்று இருந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். கேசட் சிக்கிக்கொண்டது என்று பயந்து திறந்து பார்த்தேன். சிக்கவில்லை. திரும்பப் போட்டால் அதே இடத்தில் அதே கிறீச். பாடுகிறவன் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறான். அதை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

எனக்கு அது பிடித்துப்போனது. பாட்டுக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடுகிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

B பக்கத்தில் கிடாருக்குப் பதிலாகப் பெரும்பாலும் பியானோ. வார்த்தைகள் குறைவு. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மூச்சு விடுவது கேட்கும். அதில் மூன்றாவது பாட்டில் மட்டும் குரல் மெல்ல மெல்ல மேலே ஏறும். இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி என்று போய், உச்சியில் சட்டென்று அமைதியாகிவிடும். மாடி ஏறி வந்தவர் கதவைத் தட்டாமல் இறங்கிப் போனதுபோல் இருக்கும். ஏன் தட்டவில்லை என்று எனக்குப் புரியவில்லை. புரியாததால் அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

பக்கத்து மைக்ராஸ்கோப்பில் ரொக்கியா இருப்பாள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு காதை அவளுக்குக் கொடுத்தேன். இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா தூக்கம் வருது” என்று மலாயில் சொல்லித் திருப்பித் தந்தாள்.

குட்டி அகராதி ஒன்று வாங்கினேன். ஆங்கிலத்துக்கு மலாய் சொல்லும் அகராதி. ஒரு சொல்லைப் பிடித்து, மலாயில் அர்த்தம் பார்த்து, அதைத் தமிழில் யோசித்து முடிப்பதற்குள் பாட்டு இரண்டு வரி தாண்டிப் போயிருக்கும். ஜன்னல், ஈரக் கோட்டு, பழைய நண்பன், கதவு. இப்படித் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. அதுவே போதுமாக இருந்தது.

வார முடிவில் தோட்ட முனைக் கடைக்கு எதிரே இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து குணாவைக் கூப்பிட்டேன்.

“எப்படி இருந்துச்சு?”

“நாற்காலி சத்தம் நல்லா இருந்துச்சு.”

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே இன்னொரு காசைப் போட்டேன். பிறகு அவர் சிரிக்கிற சத்தம்.

“எல்லாரும் பாட்ட சொல்லுவாங்க. நீங்க நாற்காலிய சொல்றீங்க!”

“தப்பா?”

“இல்லலா. எனக்கும் அதான் பிடிக்கும். யார்கிட்டயும் சொன்னதில்ல.”

பாடகன் அமெரிக்காவில் எப்போதும் மழை பெய்கிற ஒரு ஊர்க்காரன் என்று அவர்தான் சொன்னார். பெயர் என் நாக்கில் சுழலவில்லை. அதனால் மழைக்காரன் என்று வைத்துக்கொண்டேன். அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார். “மழைக்காரன் இன்னும் பாடியிருக்கான். அப்புறம் தரேன்” என்றார்.

அப்புறம் வரைக்கும் காத்திருந்திருக்கலாம்.

மஞ்சள் ஸ்டிக்கர்

ஜாசினில் வாரம் ஒருநாள் சாயங்காலம் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை கூடும். கரும்புச் சாறும் பொரித்த கோழியும் தாண்டி, கடைசியில் ஒரு கேசட் கடை. குணா கேசட்டில் எழுதியிருந்த பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். கடைக்காரர் தாளைப் பார்த்தார், என் பூவையும் பொட்டையும் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

“உங்க தம்பிக்கா, அக்கா?” என்று மலாயில் கேட்டார்.

“எனக்குத்தான்.”

தனி ஆல்பம் இல்லை, அவனுடைய குரூப் இருக்கிறது என்று இரண்டு கேசட்டுகளை எடுத்து வைத்தார். இரண்டும் திருட்டுப் பதிவு. மங்கலான நகல் அட்டை. முகம் தெரியாமல் முடி வளர்த்த நான்கு பேர். ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் ஸ்டிக்கர்: ‘தெர்பாரு.’ புத்தம் புதியது.

அந்தக் கடையில் எங்கள் அப்பா காலத்து மலாய்ப் பாட்டுக் கேசட்டிலும் அதே மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பிறகுதான் கவனித்தேன். தலைமுடி அளவு விரிசலைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் மூக்குக்கு முன்னால் இருந்ததை அன்று பார்க்கவில்லை.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து போட்டேன்.

முதல் கேசட்டைத் தகரக் கொட்டகைக்குள் வைத்துப் பதிவு செய்திருப்பார்கள் போலிருந்தது. வெளியே பெருமழை, உள்ளே நான்கு பேர், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் எல்லோரும் ஒரே நேரத்தில். கிடார் என்று சொன்னால்தான் கிடார் என்று தெரியும். மழைக்காரன் எங்கே என்று தேடினேன். இருந்தான். அந்தச் சத்தத்துக்கு அடியில், கழுத்தைப் பிடித்ததுபோல் கத்திக்கொண்டிருந்தான்.

இரண்டாவது கேசட்டில் சத்தம் இன்னும் பெரியது. ஆனால் சுத்தமானது. வார்த்தை புரிந்தது, அதனால் பயமும் கூடியது. ஆறாவது பாட்டு எல்லாவற்றையும்விட மோசம். மூன்று நிமிடம் இடித்துத் தள்ளிவிட்டு, எதிர்பாராத இடத்தில் நான்கு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள். இரண்டு விநாடி ஒன்றுமே இருக்காது. டேப் ஓடும் உஸ்ஸென்ற சத்தம் மட்டும். பிறகு அவன் கத்துவான். முதல் தடவை வாக்மேனைக் கட்டிலில் எறிந்துவிட்டேன்.

அன்றிலிருந்து என் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. தனியாக இருந்தபோது நாற்காலியில் உட்கார்ந்து எவ்வளவு அமைதியாகப் பாடினான். பிறகு இந்த நாலு பேர் கூட்டணி. புத்தம் புதிய கேசட்டில் இப்படி ஆகிவிட்டான்.

எனக்கு இது தெரிந்த கதை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். “பையன் தங்கமானவன். கூட்டாளிங்க சேந்துதான் கெட்டுப்போயிட்டான்.” தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த பிள்ளைகள் முடி வளர்த்து நான்கு பேராக மோட்டார் சைக்கிளில் போனாலே, ஏதாவது கேங்கில் சேர்ந்துவிட்டார்களோ என்று தாய்மார்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள்.

குணா எனக்கு மழைக்காரனின் நல்ல காலத்தை மட்டும் பதிவு செய்து கொடுத்திருக்கிறார். மற்றதை “அப்புறம்” என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்றால் எப்போது? தாலி கட்டின அப்புறமா?

அக்கா வீட்டு ரேடியோ

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. இருக்கலாம், ஆனால் எனக்கு அப்போது இல்லை. காரணம் என் அக்கா லெட்சுமி.

அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். போகும்போது அம்மாவிடம், “ஒரு நாளும் உங்க மகள சத்தம் போட்டுப் பேச மாட்டேன்த்தே” என்றார். அம்மா ஒரு மாதம் அதையே சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அவர் கை ஓங்கியதில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். குரல்தான். சோறு குழைந்தால் ஒரு சத்தம், சாவி கிடைக்காவிட்டால் ஒரு சத்தம். அக்கா வீட்டு ரேடியோ எப்போதும் இரண்டாம் எண்ணில்தான் இருக்கும். தெருமுனையில் மோட்டார் சைக்கிள் திரும்பும் சத்தம் கேட்டதும் அக்கா கை தானாகப் போய் அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பும். பேசிக்கொண்டே திருப்புவாள். தான் திருப்புவதே அவளுக்குத் தெரியாது.

அந்த விரல்களைத்தான் நான் இரண்டு வாரமும் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலையில் நல்ல சில்லுகளையும் கெட்டது என்று ஒதுக்கினேன். “கெனாப்பா, பத்மா?” ஏன், என்ன ஆச்சு என்று ரொக்கியா கேட்டாள். என்னவென்று சொல்வேன்? என் வீட்டுக்காரர் கொடுத்த பாடகன் கெட்டுப்போய்விட்டான் என்றா?

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். “கல்யாணக் கார்டு அடிக்கக் குடுக்காதீங்கம்மா. ஒரு வாரம் போகட்டும்.”

அம்மா உலையிலிருந்து கரண்டியை எடுத்தார். “என்னாடி பேசற? ரெஜிஸ்டர் ஆயாச்சு. கோயில்ல நாள் வாங்கியாச்சு. அச்சுக்கடைக்காரரு சனிக்கிழமை மூணு மணிக்குள்ள சொல்லச் சொல்லியிருக்காரு. என்னா சொல்றது அவருக்கு?”

“பேர்ல எழுத்து சரியான்னு பாக்கணும்னு சொல்லுங்க.”

“ஒன் பேருல இருக்கறதே மூணு எழுத்து!”

அம்மா அதற்குமேல் என்னிடம் பேசவில்லை. பேசினது அக்காவிடம். வெள்ளிக்கிழமை அக்கா பஸ் பிடித்து வந்துவிட்டாள். நேராக என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னா பயம் ஒனக்கு?”

வாயால் சொல்ல வரவில்லை. வாக்மேனை அவள் காதில் மாட்டி, ஆறாவது பாட்டைப் போட்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அந்த இரண்டு விநாடி வந்தபோது புருவம் தூக்கினாள். கத்தல் வந்தபோது அசையவில்லை. நான் எதிர்பார்த்ததுபோல் அவள் கை சத்தத்தைக் குறைக்கப் போகவில்லை. மடியிலேயே கிடந்தது.

முடிந்ததும் கழற்றிக் கொடுத்தாள். “இதுக்கா?”

“பயமா இல்லியா?”

“இது யாரையும் பாத்துக் கத்தலடி. அவரு கத்துனா என்னயப் பாத்துக் கத்துவாரு. எனக்குத் தெரியாதா வித்தியாசம்?”

அக்கா அதுவரை அத்தானைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கேசட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆனா எனக்கு என்னா தெரியும், ஒன் வீட்டுக்காரரப் பத்தி?” என்றாள். “நாளைக்கு நேர்ல போயிக் கேளு. அம்மாவக் கூட்டிட்டுப் போவாத. நான் கேக்காமப் போனேன். நீ கேட்டுட்டுப் போ. இல்ல, கேட்டுட்டுப் போவாம இரு.”

இரண்டு விநாடி

அப்படித்தான் சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கடை வாசலில் நின்றேன்.

கத்தல் நின்றது. யாரோ ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கும் சத்தம். குணா துணியில் கை துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். சட்டை முழுவதும் ஈயம் தெறித்த பொட்டுப் பொட்டான ஓட்டைகள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

“பத்மா? அம்மா வரல?”

“தனியாத்தான் வந்தேன்.”

“உள்ள வாங்க. மொதலாளி தவுக்கே சாப்பிடப் போயிருக்காரு. நீங்க சாப்ட்டீங்களா?”

“ம்” என்று பொய் சொன்னேன்.

உள்ளே சுவரில் ஒரு நீளப் பலகை. அதில் பெரிதும் சிறிதுமாக ஆறு ஒலிபெருக்கிகள். கீழே ஒரு கார் பேட்டரி. பலகைக்கு அடியில் டேப் மூடி திறந்து, அதில் மழைக்காரனின் குரூப் போட்ட இரண்டாவது கேசட். அசல் கேசட்.

நான் பையிலிருந்த மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். முதலில் அவர் கொடுத்தது. அடுத்து தகரக் கொட்டகை. கடைசியில் ஆறாவது பாட்டு இருக்கும் கேசட்.

“இந்த ஆளு ஏன் இப்படி ஆயிட்டாரு?”

“எப்படி?”

“தனியா இருந்தப்ப ஒழுங்காத்தான பாடிக்கிட்டு இருந்தாரு? அப்புறம் இந்த நாலு பேரோட சேந்து…”

“அப்புறம்னு யாரு சொன்னா?”

“ஸ்டிக்கர்லயே போட்டிருக்கே.”

அவர் குனிந்து மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்தார். சிரிப்பு வந்தது அவருக்கு. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். இழுப்பறையைத் திறந்து அசல் கேசட்டுகளின் அட்டைகளை எடுத்து, பின்பக்கத்தில் இருந்த எறும்பு எழுத்தைக் காட்டினார். நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மைக்ராஸ்கோப் இல்லாமலே தெரிந்தது.

“கத்தினது மொதல்ல. இந்த நாலு பேரும் ஒரே வீட்ல தங்கி, ஒரே வேன்ல ஊர் ஊராப் போயிக் கத்தியிருக்கானுங்க. அப்புறம் ஒடஞ்சு போச்சு. கொஞ்ச வருசம் ஆளையே காணோம். அதுக்கப்புறம்தான் ஒங்க நாற்காலி.”

மேசையில் இருந்த கேசட்டுகளை நான் ஒவ்வொன்றாக இடம் மாற்றி வைத்தேன். தகரக் கொட்டகை முதலில். ஆறாவது பாட்டு நடுவில். நீல மை கடைசியில்.

அப்போதுதான் B பக்கத்து மூன்றாவது பாட்டு ஞாபகம் வந்தது. மாடி ஏறி வந்து, கதவைத் தட்டாமல் இறங்கிப் போன குரல். அந்தக் கதவு எது என்று இப்போது தெரிந்தது. தட்டத் தெரியாதவன் இல்லை. எத்தனையோ தடவை கத்திக் கத்தி அதை உடைத்தவன்.

ஆனால் நான் வந்தது மழைக்காரனைப் பற்றிக் கேட்க இல்லையே.

“நீங்க எப்பக் கத்துவீங்க?”

“நானா? ஷாக் அடிச்சா கத்துவேன்லா.”

நான் சிரிக்கவில்லை. யாரோ ஒருவருடைய காரிலிருந்து கழற்றி வைத்திருந்த இருக்கையில் அவர் உட்கார்ந்தார். அது கிறீச்சிட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டோம்.

“கத்தியிருக்கேன்,” என்றார். “எங்கப்பாவ. அவரு பேரு சொல்லி. நடுவீட்ல நின்னு. என்னா விசயம்னுகூட இப்ப ஞாபகம் இல்ல, அவரு மூஞ்சி மட்டும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் அவரு எங்கிட்டப் பேசல.” துணியை மடித்து மடித்துப் பிரித்தார். “அது தொண்டையில இருக்கு, பத்மா. இல்லன்னு சொன்னாப் பொய்யி. வரும்போது வெளிய போயிருவேன். கடற்கரை பக்கம்தான், நடந்து போயிட்டு வருவேன். எல்லாத் தடவையும் முடிஞ்சதான்னு கேட்டா, தெரியல.”

வெளியே ஒரு லாரி போயிற்று.

“ஒரு நாளும் கத்த மாட்டேன்னு சொல்லணுமா?” என்று கேட்டார்.

“வேணாம். சொல்லாதீங்க.”

“ஏன்?”

“எங்கக்காவுக்கு ஒருத்தரு சொன்னாரு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மெல்லத் தலையாட்டினார். “அதுக்குத்தான் கார்டு நிக்குதா? எழுத்துப் பிழைன்னு எங்கம்மாகிட்டச் சொன்னாங்களாம். மூணு எழுத்துல எப்படிப் பிழை வரும்னு நேத்தெல்லாம் யோசிச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவருக்கும் வந்தது.

“கடையில ஏன் கத்தறதையே போடறீங்க?” என்று கேட்டேன்.

“ஸ்பீக்கர் சோதிக்க. இவன் சத்தத்துக்குக் கிழியலன்னா எதுக்கும் கிழியாது. அப்படித்தான் இவன் எனக்குப் பழக்கமே. பாட்ட ரசிச்சது பின்னாடி.” எழுந்து பலகைப் பக்கம் போனார். “இதுல ஒங்களுக்கு எது பிடிச்சிருக்கு?”

யோசிக்காமல் சொன்னேன். “ரெண்டாவது கேசட், ஆறாவது.”

“அதுவா?” திரும்பி என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். “அதுதான் இருக்கறதுலயே சத்தம்.”

“தெரியும். போடுங்க.”

“சின்னதா வைக்கவா?”

நான் அக்காவின் விரல்களை நினைத்துக்கொண்டேன். “பெருசா வைங்க.”

வைத்தார். ஆறு ஒலிபெருக்கிகளும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டதுபோல் காற்று என் முகத்தில் அடித்தது. மேசையில் இருந்த ஆணிகள் துள்ளின. மார்புக்கூட்டுக்குள் யாரோ தட்டினார்கள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சத்தம் யாரையும் பார்த்து வரவில்லை. என்னைத் தாண்டி, கடையைத் தாண்டி, கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

குணா பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார். காதில் விழவில்லை. கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டி, காற்றில் ஒரு செவ்வகம் வரைந்தார். கார்டு. மூன்று மணி ஆகப் போகிறது.

பதில் சொன்னேன். அவர் காதில் கை வைத்தார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். தலையை ஆட்டினார், கேட்கவில்லை. இருபத்தைந்து வயதுவரை நான் யாரையும் அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டதுகூடக் கிடையாது. மூச்சை முழுவதும் இழுத்தேன். பாட்டு எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்பதை மறந்தே போனேன்.

“கார்டு அடிக்கச் சொல்லுங்க!”

நான்கு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

ஐந்து கடைகளுக்கும் கேட்டது. கடைசிக் கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த மாமா கைக்குவளையை உயரத்திலேயே பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். குணா வாயைத் திறந்தபடி நின்றார். நான் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

எனக்கு அப்புறம்தான் மழைக்காரன் கத்தினான்.